நேர்த்திக்கடனும் பயிர்க்கடனும்

1

எழுத நேரம் இல்லை என்று சொல்லாத எழுத்தாளனை நான் சந்தித்ததில்லை. நம்முடைய சிறிய வட்டத்தில் இது ஒரு புகார். கூடவே ஒரு தகுதிச் சான்றும்கூட. ஆபீஸ் தின்றது போக, குடும்பம் தின்றது போக, மிச்சமிருக்கும் இரவில் கண் எரிய உட்கார்ந்து எழுதுகிறோம். இந்தச் சித்திரத்தில் எழுத்தாளன் எப்போதும் பறிகொடுத்தவன். அவனிடமிருந்து நேரம் பறிக்கப்படுகிறது; அவன் அதை மீட்கிறான். மீட்பது நியாயம் என்பதால் மேற்கொண்டு கேள்வி எழுவதில்லை.

நான் கேட்க விரும்பும் கேள்விக்கு இந்தச் சித்திரத்தில் இடமில்லை. எழுதுவதற்காக நான் எடுத்துக்கொள்ளும் ஒரு மணி நேரம், நான் எடுத்துக்கொள்வதற்கு முன்னால் யாருடையதாக இருந்தது?

இது ஒழுக்க போதனை போல ஒலிக்கலாம். ஒலித்தால் பாதகமில்லை. கலைக்கும் ஒழுக்கத்துக்கும் சம்பந்தம் உண்டா என்ற பழைய சர்ச்சையில் நாம் எப்போதும் படைப்பின் உள்ளே இருப்பதைப் பற்றியே பேசி வந்திருக்கிறோம். கதாபாத்திரம் என்ன செய்தது, கவிதை எதை ஆதரித்தது என்றெல்லாம். படைப்பு எழுதப்பட்ட நேரத்தைப் பற்றியோ, அந்த நேரத்தில் அடுத்த அறையில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதைப் பற்றியோ விமர்சனம் கவலைப்பட்டதில்லை. அது வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்களின் சமாசாரம் என்று ஒதுக்கிவிட்டோம். ஒதுக்கியதில் நமக்கு ஒரு சௌகரியம் இருந்தது என்று நினைக்கிறேன்.

2

முதலில் ஒரு வசதியான எதிரியை அகற்றிவிடலாம். உத்தியோகம் எழுத்தைக் கொல்கிறது என்பார்கள். லா.ச. ராமாமிர்தம் முப்பது ஆண்டுகள் பஞ்சாப் நேஷனல் வங்கியில் வேலை பார்த்தவர். ஞானக்கூத்தன் பொதுப்பணித் துறையில் இருந்தார், சா. கந்தசாமி இந்திய உணவுக் கழகத்தில். வண்ணதாசன் ஸ்டேட் வங்கியில். சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை, மௌனிக்குச் சிதம்பரத்தில் அரிசி ஆலை. தமிழில் நவீன எழுத்தின் கணிசமான பகுதி பேரேடுகளுக்கும் கோப்புகளுக்கும் இடையிலிருந்து வந்ததுதான்.

வெளியிலும் அப்படியே. டி.எஸ். எலியட் 1917 முதல் 1925 வரை லண்டன் லாய்ட்ஸ் வங்கியில் வேலை செய்தார். அவரை அங்கிருந்து விடுவிக்க 1922இல் எஸ்ரா பவுண்ட் ஒரு திட்டம் போட்டார்: முப்பது பேர் ஆளுக்கு வருஷம் பத்துப் பவுண்டு கொடுப்பது. எலியட்டுக்கு அது சங்கடமாக இருந்தது, திட்டம் நிறைவேறவில்லை. பாழ்நிலத்தின் முக்கியமான பகுதிகள் 1921இல் அதே வங்கி உடல்நிலையை முன்னிட்டுக் கொடுத்த மூன்று மாத விடுப்பில் எழுதப்பட்டவை என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டும்.

உத்தியோகத்தைப் பற்றிப் புகார் சொல்ல எனக்கும் விஷயங்கள் உண்டு. ஆனால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. வங்கி என் நேரத்தை விலை கொடுத்து வாங்குகிறது. எத்தனை மணிக்கு வரவேண்டும், எத்தனை மணிக்குப் போகலாம் என்பது எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. மீறினால் கேட்கச் சங்கம் இருக்கிறது. நான் வசிக்கும் பெரியபாளையத்தில் விடியுமுன்பே கம்பெனி பஸ்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகின்றன. முதல் ஷிப்டுக்குப் போகிறவர்களின் நேரம் எவ்வளவு பிழியப்பட்டாலும், அதற்குச் சட்டத்தில் ஓர் எல்லை இருக்கிறது என்ற எண்ணமாவது உண்டு. 1923இல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடினார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்த மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது எதிர்ப்பு கிளம்பியது. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக அரசு சொன்னது. நேரம் யாருடையது என்பது பொதுவில் வழக்காடித் தீர்க்கப்படும் விஷயம் என்பதற்கு இது அத்தாட்சி.

வீட்டுக்குள் இந்த வழக்கு நடப்பதில்லை.

3

2015 செப்டம்பரிலிருந்து வங்கிகளுக்கு மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் விடுமுறை. மற்றச் சனிக்கிழமைகள் அரை நாளிலிருந்து முழு நாளாயின என்றாலும், தொடர்ச்சியாக இரண்டு முழு நாட்கள் கிடைப்பது எழுதுகிறவனுக்குப் பெரிய காரியம். நேரம் என்பது யாருக்கும் சொந்தமில்லாமல் வெளியில் கிடக்கும் பொருள், அகப்பட்டவன் எடுத்துக்கொள்ளலாம் என்று நம்புகிறவர்கள் இந்தச் சனிக்கிழமைகளைக் கவனிக்கவேண்டும். எனக்கு விடுமுறை என்றால் வீட்டில் மதியச் சமையல் ஒன்று கூடுகிறது. மற்ற நாளில் டப்பாவில் அடைத்துக் கொடுத்த எலுமிச்சை சாதத்தின் இடத்தில் சாம்பார், ரசம், பொரியல் என்று ஒரு முழுச் சாப்பாடு வந்து உட்காருகிறது. நான் அறைக்குள் எழுதினால் குழந்தையை வெளியே நிறுத்த ஓர் ஆள் வேண்டும். எனக்குக் கிடைத்த ஓய்வு இன்னொருவருக்கு வேலையாக இறங்குகிறது.

இதில் என் வீட்டுக்கென்று விசேஷம் எதுவுமில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில், ஊதியமில்லாத வீட்டு வேலைகளைச் செய்யும் பெண்கள் அவற்றில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். செய்யும் ஆண்கள் 97 நிமிடங்கள். ‘செய்யும்’ என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். அப்படி ஏதாவது செய்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான். பெண்கள் நூற்றுக்கு 81 பேர். 299க்கும் 97க்கும் வித்தியாசம் 202 நிமிடங்கள். தினமும் ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் ஒரு நாவல் எழுதிவிடுவேன் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அந்த இடைவெளிக்குள் இரண்டு நாவலாசிரியர்கள் தாராளமாக உட்காரலாம்.

ஆகவே எழுதும் நேரம் உண்டாக்கப்படுவதில்லை, கைமாறுகிறது. கைமாறிய பொருளைப் பற்றிக் கேட்கவேண்டிய முதல் கேள்வி, அது எந்த ஏற்பாட்டின் பேரில் கைமாறியது என்பது.

4

பெரியபாளையத்தில் இரண்டு விதமான கடன்களைப் பார்க்கலாம். ஆரணி ஆற்றங்கரையில் பவானி அம்மன் கோயில் இருக்கிறது. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் கொள்ளாத கூட்டம். உடம்பில் வேப்பிலையை ஆடையாகக் கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றி வருவார்கள். வேப்பஞ்சேலை என்று அதற்குப் பெயர். கணவனின் நோய் தீர்ந்தது, குழந்தை பிழைத்தது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். இது நேர்த்திக்கடன். இதன் தர்க்கம் எளிமையானது: கேட்டது கிடைத்தால் செலுத்தவேண்டும். கிடைக்காவிட்டால் கடன் பிறக்கவேயில்லை.

இன்னொன்று வங்கியில் நாங்கள் எழுதும் பயிர்க்கடன். நெல்லுக்கு, வேர்க்கடலைக்கு, மல்லிகைக்கு. இதன் தர்க்கம் வேறு. மழை பெய்தாலும் பொய்த்தாலும் கடன் நிற்கும். விளைச்சல் அமோகமாக இருந்தது என்பதற்காக அசல் குறையாது. பாழாய்ப்போனது என்பதற்காக மறையாது. தவணையைத் தள்ளிப்போடலாம், வட்டியைக் குறைக்கலாம், தள்ளுபடியும் செய்யலாம். ஆனால் தள்ளுபடி செய்யும் உரிமை கொடுத்தவருக்கு உண்டு, வாங்கியவருக்கு இல்லை. வாங்கியவர் வயலின் பசுமையைப் பார்த்து மகிழ்ந்த வழிப்போக்கனுக்குச் சிறிதும் இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான்: எழுத்தாளன் தன் வீட்டாரிடம் வாங்குவது பயிர்க்கடன், ஆனால் அதை நேர்த்திக்கடன் மாதிரி நடத்துகிறான். பெரிய படைப்பு ஒன்று கைகூடட்டும், எல்லாம் ஈடாகிவிடும் என்று நினைக்கிறான். கைகூடாவிட்டால் தானே தோற்றுப்போனவன், தோற்றவனிடம் யார் கணக்குக் கேட்பார்கள்? இரண்டு வழியிலும் கணக்கு தீர்ந்துவிடுகிறது.

தத்துவத்தில் இதற்கு ஒரு பிரசித்தமான உதாரணம் உண்டு. பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் எழுதிய ‘அறநெறி சார்ந்த அதிர்ஷ்டம்’ என்ற கட்டுரையில், தன்னைச் சார்ந்தவர்களை விட்டுவிட்டு ஓவியம் தீட்டப் போகும் ஓர் ஓவியனைக் கற்பனை செய்து, அவனுக்குக் கோகென் என்று பெயரிடுகிறார். சரித்திரத்து பால் கோகெனின் விவரங்களுக்குத் தான் கட்டுப்படவில்லை என்றும் சொல்லிவிடுகிறார். புறப்படும் கணத்தில் அவன் செய்வது சரியா தவறா என்பதை யாராலும், அவனாலேயே, சொல்ல முடியாது. அவன் உண்மையான ஓவியன் ஆகிறானா என்பதைப் பொறுத்தே அவனுக்கு நியாயம் கிடைக்கும் அல்லது கிடைக்காமல் போகும். நியாயம் பின்னால் வருகிறது, அதுவும் அதிர்ஷ்டத்தின் கையால் வருகிறது.

கூர்மையான வாதம். வில்லியம்ஸ் எச்சரிக்கையானவர், வெற்றி பெற்றாலும், கைவிடப்பட்டவர்களிடம் தன்னை நியாயப்படுத்திக்கொள்ள அவனால் முடியும் என்று சொல்வதற்கில்லை என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். அவரைப் படித்தவர்கள்தான் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். சரித்திரத்துக் கோகென் பாரீஸில் பங்குச் சந்தைத் தரகு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1891இல் டஹீட்டிக்குக் கப்பலேறியபோது மனைவி மெட் கோபன்ஹேகனில் ஐந்து குழந்தைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தும் மொழிபெயர்த்தும் சம்பாதித்தார். அந்த ஓவியங்களின் முன்னால் நின்று, போனது நல்லதாயிற்று என்று நாம் சொல்லும்போது, மெட்டுக்கு வரவேண்டிய கடனை நாம் தள்ளுபடி செய்கிறோம். நாம் வயலைப் பார்த்த வழிப்போக்கர்கள்.

5

கடனே வாங்காமல் இருக்கலாமே என்பது ஒரு பதில். காஃப்கா அதைத்தான் முயன்றார் என்று தோன்றுகிறது. பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. மதியம் இரண்டு மணியோடு முடிந்துவிடும். பிற்பகலில் தூங்கி இரவில் எழுதுவார். 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து மறுநாள் காலை ஆறு மணிக்கு ‘தீர்ப்பு’ கதையை முடித்தார். ஃபெலிஸ் பௌவருடன் இரண்டு முறை திருமணம் நிச்சயமாகி இரண்டு முறையும் முறிந்தது. எழுத்துக்கும் இல்வாழ்க்கைக்கும் சேர்த்து ஒப்புக்கொள்ள முடியாது என்று அவர் கண்டுகொண்டார். துறவின் நேர்மை அதில் இருக்கிறது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் மணமானவர்கள், தகப்பன்மார்கள், வயதான பெற்றோரை வைத்திருப்பவர்கள். காஃப்காவின் இரவை விரும்புகிறோம்; அவர் அதற்குக் கொடுத்த விலையைக் கொடுக்க நம்மிடம் ஆளில்லை. ஆகவே வீட்டில் வேறு யாரையோ கொடுக்கச் சொல்கிறோம்.

இன்னொரு பதில்: நான் யாருடைய நேரத்தையும் தொடவில்லை, என் தூக்கத்திலிருந்து எடுக்கிறேன். ழாக் ரான்சியேர் 1981இல் வெளியிட்ட ‘பாட்டாளிகளின் இரவு’ நூலில், 1830களின் பிரெஞ்சுத் தொழிலாளர்களைப் பற்றிச் சொல்கிறார். மறுநாள் உழைப்புக்கு உடலைத் தயார் செய்வதற்கென்றே விடப்பட்ட இரவை அவர்கள் அந்தக் காரியத்துக்குக் கொடுக்க மறுத்துக் கவிதை எழுதினார்கள், பத்திரிகை நடத்தினார்கள். உழைக்கிறவன் உழைக்கவேண்டும், சிந்திக்கிறவன் சிந்திக்கவேண்டும் என்ற பிரிவினையை அவர்களுடைய கண்விழிப்பு உடைத்தது. இந்த வாதத்துக்கு நான் தலைவணங்குகிறேன். முதலாளியின் நாளிலிருந்து திருடப்பட்ட இரவு அது. ஆனால் இரண்டு மணி வரை விழித்திருந்த உடம்பு காலை ஏழு மணிக்கு யாரிடம் எரிந்து விழுகிறது? முதலாளியிடம் அல்ல.

திருட்டு என்ற சொல்லுக்கு உரிமை உள்ளவர்கள் வேறு. துவரங்குறிச்சியில் பருவமெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் இருத்தப்பட்ட சல்மா, யாருக்கும் தெரியாமல் இரவில், குளியலறையில் ஒளிந்து எழுதினார். அந்தக் கவிதைகள் 2000இல் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ என்ற தொகுப்பாக வந்தன. அவருக்குக் கடன் கொடுக்க ஒருவரும் இல்லை. கேட்கவே முடியாத நிலை. அவர் எடுத்தது தன்னுடையதையே. முதலில் நான் சொன்னேனே, பறிகொடுத்தவன் மீட்கிறான் என்ற சித்திரம், அது அவருக்குத்தான் அளவெடுத்த மாதிரி பொருந்துகிறது. ஆண் எழுத்தாளர்கள் அந்தச் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

6

இரண்டு ஆட்சேபங்கள் வரும். ஒன்று, இது குமாஸ்தா புத்தி. வீட்டில் அன்பினால் கொடுப்பதைக் கடன் என்று எழுதி வைப்பது அன்பை அவமதிப்பது.

கொடை என்று ஒன்று உண்டு, மறுக்கவில்லை. மறுக்கக்கூடிய நிலையில் இருப்பவர் மறுக்காமல் கொடுப்பது கொடை. அடுப்பை அணைத்துவிட்டு, இன்று என்னால் முடியாது என்று சொல்ல எத்தனை வீடுகளில் இடம் இருக்கிறது? இடம் இல்லாத வீட்டில் கொடை என்ற பேச்சு வாங்குகிறவனுக்கு மட்டுமே அனுகூலம். புதுச்சேரியில் சமையலுக்கு இருந்த அரிசியைப் பாரதி குருவிகளுக்கு இறைத்த கதையை நாம் எல்லோரும் கவியின் பக்கமிருந்தே சொல்லிப் பழகியிருக்கிறோம். செல்லம்மாள் 1951இல் திருச்சி வானொலியில் ‘என் கணவர்’ என்று பேசினார். கவிஞனோடு குடித்தனம் நடத்துவதன் சிரமத்தை அதில் அவர் மறைக்கவில்லை. அதைப் பாரதியைப் பற்றிய தகவலாகப் படிக்கிறோம். செல்லம்மாளின் கணக்காக யாரும் படிப்பதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. மனைவியின் வளையலை அடகு வைத்துப் பத்திரிகை நடத்தினார்கள் என்பது சிறுபத்திரிகை மரபில் ஒரு வீரக்கதை. நகைக்கடன் மேஜையில் உட்கார்ந்திருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: கழற்றப்பட்ட வளையலைத் தராசில் வைக்கும்போது, அதைக் கழற்றிய கை அநேகமாக மேஜைக்கு அந்தப் பக்கம் பேசாமல்தான் நின்றுகொண்டிருக்கிறது.

கணக்கு எழுதுவது அன்பைக் குறைப்பதில்லை. கண்ணில் படாதவர்களைக் கண்ணில் படவைக்கிறது. அந்தோணி டிராலப் அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, காலை ஐந்தரை மணிக்கு மேஜைக்கு வந்து, அலுவலகம் போகுமுன் மூன்று மணி நேரம் எழுதியவர். அவரைத் தவறாமல் எழுப்பிக் காப்பி கொண்டுவர ஒரு கிழட்டுக் குதிரைக்காரன் இருந்தான். அதற்காக வருஷத்துக்கு ஐந்து பவுண்டு கூடுதல் சம்பளம். தன் வெற்றிக்கு வேறு யாரையும்விட அவனுக்கே அதிகம் கடன்பட்டிருப்பதாக நினைக்கத் தோன்றுகிறது என்று சுயசரிதையில் எழுதினார். டிராலப்பை மூன்றாம் தர நாவலாசிரியர் என்று ஒதுக்குகிறவர்கள் நம்மிடையே உண்டு. ஆனால் தன்னுடைய காலை எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது; தொகையும் தெரிந்திருந்தது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. கடனை ஒழுங்காகத் திருப்புகிறவன் பெரிய படைப்பை எழுத முடியாமல் போகலாம். உலகம் ஏழையாகும். ஆகலாம். அந்த இழப்பை நான் சிறிதாக்கிப் பேசவில்லை. பேராசை இல்லாத கலைஞன் என்று ஒருவன் இல்லை. பேராசை என் பக்கமும் உண்டு. ஆனால் உலகம் பெறுவதையும் ஒருத்தி இழப்பதையும் ஒரே தட்டில் போட்டுக் கழிக்கலாம் என்று அனுமதித்தது யார்? அனுமதி கொடுக்கக்கூடியவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டால் ஒருவேளை அவர் கொடுத்துவிடவும் கூடும். கேட்பது அத்தனை சிறிய காரியம்; அத்தனை அரிதாகவும் நடக்கிறது.

சமர்ப்பணப் பக்கத்தில் ‘என் மனைவிக்கு’ என்று அச்சிடுவது திருப்பிச் செலுத்துதல் ஆகாது. நன்றி வேறு நாணயம். வாங்கியது நேரம் என்றால் திருப்பவேண்டியதும் நேரம்தான்: யாரும் கூப்பிடாத, பால் பொங்காத, ஓரத்தில் யாரும் காத்திருக்காத ஒரு மணி நேரம்.

7

என் வீட்டில் அமைதி கிடைப்பது விடியற்காலை நாலரையிலிருந்து ஆறு வரை. என் மனைவி ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறாள். அவளுக்கும் அதே ஒன்றரை மணி நேரம்தான் தேவை. வாரத்தில் மூன்று நாள் எனக்கு, மூன்று நாள் அவளுக்கு. ஞாயிறு யாருக்கும் இல்லை. அவள் நாட்களில் மோட்டார் போடுவது, பால் வாங்குவது, பெண்ணை எழுப்பிக் கிளப்புவது என் பொறுப்பு. என் நாட்களில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: “ஆறு மணிக்கெல்லாம் எழுந்து வந்துருவீங்கல்ல?” கட்டுரை எப்படி வந்திருக்கிறது என்று கேட்பதில்லை. கடன் கொடுத்தவர் விளைச்சலை விசாரிக்கவேண்டிய கட்டாயமில்லை.

இந்த ஏற்பாட்டால் என் எழுத்து மேம்பட்டது என்று முடித்தால் அழகாக இருக்கும். அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. பக்கங்கள் பாதியாயின. இந்தக் கட்டுரைக்கு மூன்று மாதம் ஆயிற்று. லா.ச.ராவின் வாக்கிய அமைப்பைப் பற்றி நான் தொடங்கிய நீண்ட கட்டுரை நாற்பதாவது பக்கத்தில் நிற்கிறது, முடியாமலே போகலாம். அவள் தேர்வில் வெற்றி பெறாமலும் போகலாம். இரண்டும் நடந்தாலும் அந்த மூன்று நாட்கள் அவளுடையவை என்பது மாறப்போவதில்லை. பரீட்சையில் தேறுவாள் என்பதற்காக அவை அவளுக்குக் கொடுக்கப்பட்டவை அல்ல.

கைகூடினால் செலுத்துகிறேன் என்று அம்மனிடம் சொல்லலாம். அவளால் காத்திருக்க முடியும். அவளுக்கு ஆடி வருஷா வருஷம் வரும். மனிதர்களிடம் அப்படிச் சொல்லக்கூடாது. நமக்கு இருக்கும் அதே எண்ணிக்கையில்தான் அவர்களுக்கும் காலைகள் இருக்கின்றன.